‘உக்காருங்க’ன்னு சொல்லிப்போட்டாரு

போன வாரம் பட்டறையில் விழுந்த லாரிக் கதவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அங்கே வேலை பார்க்கும் மாரியப்பனும் மறக்கவில்லை. சாம்பல் நிற லாரியின் பின்கதவு கீலோடு பிய்த்துக்கொண்டு விழுந்தபோது, அவன் தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் நகர்ந்திருந்தான். நகராமல் இருந்திருந்தால் அவனுடைய காலைப் பற்றி நாம் வேறு மாதிரி பேசிக்கொண்டிருப்போம்.

கீலில் வைத்த வெல்டிங் விட்டிருந்தது. வைத்தது யார் என்று முதலாளி மகன் கௌசிக் கேட்டான். “யாரா இருந்தாலும் வந்து சொல்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்” என்று எல்லார் முன்னாலும் சொன்னான். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அவரவர் செருப்பை அவரவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நாமக்கல் பரமத்தி ரோட்டில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை அது. கட்டி ஆண்டவர் கௌசிக்கின் அப்பா. பெரிய முதலாளி என்றுதான் ஊரே சொல்லும், பெயர் என்னவோ சின்னண்ணன். இளவயதில் வடக்கே லாரி ஓட்டியவர், பிறகு வெல்டிங் பழகிச் சொந்தமாகப் பட்டறை போட்டவர். அவர் திட்ட ஆரம்பித்தால் பாதி தமிழில் வரும், மீதி லாரிக்காரர்களின் இந்தியில் வரும். எதிர்க் கடைக்காரர்கள் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

பொங்கல் கழிந்ததும் அவருக்குக் கோயமுத்தூரில் நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. சத்தம் போடக் கூடாது, மனம் அலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து வீட்டில் அவர் மனைவி வசந்தாமணி போட்ட சட்டம் ஒன்றுதான். கெட்ட சேதி எதுவும் அவர் காதுக்குப் போகக் கூடாது. ஆகவே கதவு விழுந்த கதை அவருக்குத் தெரியாது.

பட்டறைப் பொறுப்பு கௌசிக் தலையில் விழுந்தது. அப்பாவின் சுழல் நாற்காலியில் அவன் உட்காருவதில்லை, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொள்வான். அப்பா மாதிரிக் கத்தக் கூடாது என்று அவன் சிறு வயதிலேயே முடிவு செய்தவன். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தச் சத்தத்துக்குப் பயந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவன் அல்லவா.

கதவு விழுந்த மறு வாரம் சனிக்கிழமை காலையில் அவன் செங்கோடனைக் கூப்பிட்டான்.

செங்கோடன்தான் பட்டறையின் தலைமை வெல்டர். கீல் வேலையை வேறு யாரிடமும் தரமாட்டார். அதனால் விட்டுப்போன வெல்டிங் அவருடையதாகத்தான் இருக்கவேண்டும் என்று கௌசிக் நினைத்தான். கொஞ்ச நாளாகவே அவர் கல்யாணப் பத்திரிகையைக்கூடக் கையை நீட்டித் தூரப் பிடித்துப் படிப்பதைக் கவனித்திருந்தான். கண்தான் கோளாறு என்று தோன்றியது. தனியாகக் கூப்பிட்டு, மனம் நோகாமல், மரியாதையாகப் பேசவேண்டும் என்று இரவெல்லாம் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தான்.

பிள்ளைப் பருவத்திலிருந்து ‘செங்கோடண்ணா’ என்றுதான் கூப்பிடுவான். ஆனால் அந்த அண்ணாவுக்குப் பின்னால் ‘வா, போ, அதை எடு’தான் வரும். பட்டறை முதலாளி வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தான் பேசிப் பழகியிருந்தார்கள். இன்று அதையும் மாற்றுவது என்று முடிவு செய்திருந்தான்.

“உள்ள வாங்க செங்கோடண்ணா.”

வாசலில் செருப்பைக் கழற்றிய செங்கோடன் அப்படியே நின்றார். கூப்பிட்டது தன்னைத்தானா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“உக்காருங்க.”

“நின்னுக்கறனுங்க சாமி.”

“இல்லண்ணா, உக்காருங்க.”

செங்கோடன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பட்டறையில் டீ போடும் பொன்னாயி இரண்டு கிளாஸோடு உள்ளே வந்தாள். வழக்கமாக ஊர்க்கதை ஒன்று சொல்லாமல் கிளாஸை வைக்க மாட்டாள். நாற்காலியில் இருப்பது யார் என்று பார்த்ததும் அவள் முகம் மாறியது. ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

“இந்தப் பட்டறைக்கு நீங்க ரொம்ப உழைச்சிருக்கீங்க. அதை நாங்க மறக்க மாட்டோம்.”

“ஆகட்டுங்க.”

“கொஞ்ச நாளைக்கு ஊட்ல ரெஸ்ட் எடுங்க. கண் டாக்டரைப் பாருங்க. இங்க வேலைய மாரியப்பன் பாத்துக்குவாரு.”

“ஆகட்டுங்க.”

“மனசுல எதுனா இருந்தாச் சொல்லுங்கண்ணா. எதுவா இருந்தாலும்.”

செங்கோடன் காலியாகக் கிடந்த சுழல் நாற்காலியைப் பார்த்தார்.

“மொதலாளி நல்லா இருக்காருங்களா?”

“நல்லா இருக்காருண்ணா. இப்ப நல்லா நடக்கறாரு.”

“அது போதுங்க. வேற ஒண்ணுமில்லீங்க சாமி.”

டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். கிளாஸைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். வெளியே போய்த் தன்னுடைய வெல்டிங் கண்ணாடியை மேசையில் வைத்து அதன் மேல் கையுறையை மடித்து வைத்தார். சாப்பாட்டுத் தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். சுத்தியல் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. எல்லாரும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கௌசிக்குக்கு மட்டும் மனம் லேசாக இருந்தது. ஒரு சுடுசொல் இல்லாமல் விஷயத்தை முடித்துவிட்டோம் என்று அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பாவம்.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அந்தப் பெருமை வெளியே வந்தது. சின்னண்ணன் உப்பில்லாத ரசத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கௌசிக்கின் மனைவி பிரவீனா, திருச்செங்கோட்டில் ஒரு கல்லூரியில் பாடம் எடுப்பவள், சனிக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தாள். அவள்தான் பரிமாறினாள்.

“இன்னைக்குச் செங்கோடண்ணனைக் கூப்பிட்டுப் பேசினேங்கப்பா. கண்ணு சரியில்லாத மாதிரி இருக்குது. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டேன்.”

“நல்லதுதான். என்ன சொன்னான்?”

“ஆகட்டுங்கன்னுட்டாரு. டீ குடிச்சுட்டு, நல்லபடியாப் போனாரு.”

சின்னண்ணனின் கை தட்டிலேயே நின்றது.

“டீயா? எங்க குடிச்சான்?”

“ஆபீஸ் ரூம்லதான்.”

“நின்னுட்டா, உக்காந்துட்டா?”

“உக்காந்துதான். நாந்தான் உக்காருங்கன்னேன்.”

“உக்காருடான்னியா, உக்காருங்கன்னியா?”

“உக்காருங்கன்னுதான்.”

“போச்சு போ” என்றார் சின்னண்ணன். “அவனை வேலையை உட்டு அனுப்பிப்போட்டியே சாமி.”

கௌசிக்குக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவுக்கு மாத்திரையின் மயக்கமோ என்று அம்மாவைப் பார்த்தான்.

“நான் அங்க ஆளுங்களுக்கு ‘ங்க’ போட்டதே கணக்கு முடிச்சு அனுப்பறப்பத்தாண்டா” என்றார் சின்னண்ணன். “போறவன் மனசு நோகாமப் போகட்டும்னு உள்ள கூப்பிட்டு, சேர்ல உக்கார வச்சு, ஒரு டீ குடுத்து, ரொம்ப உழைச்சீங்கன்னு சொல்லி அனுப்புவேன். அத்தனை பேருத்துக்கும் அது தெரியும். நான் திட்டுனா நாளைக்கு வேலை இருக்குதுன்னு அர்த்தம்.”

பிரவீனாவுக்குச் சிரிப்பு வந்தது. மாமனாரின் முகத்தைப் பார்த்ததும் அது அப்படியே அடங்கிவிட்டது. ரொம்ப உழைச்சிருக்கீங்க என்று தான் சொன்ன வார்த்தை கௌசிக்கின் காதில் மறுபடி ஒலித்தது. பொன்னாயியின் முகமும், மடித்து வைத்த கையுறையும் அப்போதுதான் அவனுக்கு விளங்கின.

சின்னண்ணன் இடது கையால் ஃபோனைத் துழாவினார். “ஒண்ணும் ஆகிப்போகல. ‘டேய் செங்கோடா, எங்கடா போய்த் தொலைஞ்ச, வாடா’ன்னு ஒரு சத்தம் போட்டா ஓடி வந்துருவான்.”

“சத்தமா? டாக்டரு என்னங்க சொன்னாரு?” என்று வசந்தாமணி ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள். பேசவும் முடிந்திருக்காது. செங்கோடனின் ஃபோன் அணைந்து கிடந்தது.

“அப்ப நீ நேர்ல போய்ச் சொல்லு. வாடான்னு சொல்லு.”

“அவரைப் போய் டான்னு என்னால கூப்பிட முடியாதுங்கப்பா.”

“கூப்பிடாட்டி வர மாட்டான். ஆமா, அவன் கண்ணைப் பத்தி இப்ப என்னத்துக்குத் திடீர்னு பேச்சு? என்ன ஆச்சு?”

வசந்தாமணி மகனைப் பார்த்துக் கண்ணாலேயே அதட்டினாள். கௌசிக், “ஒண்ணுமில்லீங்கப்பா, சும்மாதான்” என்று தண்ணீரைக் குடித்தான்.

கை கழுவுகிற இடத்தில் பிரவீனா அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஆளுங்க எதையும் சொல்ல மாட்டேங்கறாங்கன்னு வாரம் பூரா பொலம்புனீங்களே. இப்ப நாம மாமாகிட்ட என்ன பண்ணிட்டு இருக்கறோம்?”

“அம்மா சொன்னதுனாலதான் பிரவீனா. அவரு நெஞ்சு…”

“அத்தை பயந்துக்கிட்டுச் சொல்லாம இருக்காங்க. பட்டறைல ஆளுங்களும் பயந்துக்கிட்டுத்தான் சொல்லாம இருக்காங்க. உங்களுக்கு அது தப்பு, இது சரியா?”

அவன் குழாயை மூடினான். துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மோகனூர் போகும் வழியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது செங்கோடனின் காலனி வீடு. கௌசிக் காரை ஓட்டினான். நானும் வாரேன் என்று ஒரே பிடியாக நின்ற சின்னண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு பிரவீனா பின்னால் இருந்தாள்.

செங்கோடனின் மனைவி அங்காளம்மாள் வாசலில் குடத்தோடு நின்றாள். காரைப் பார்த்ததும் குடத்தை இறக்கினாள். வாங்க என்று சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

உள்ளே கட்டிலில் செங்கோடன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தூக்குப் போசி திறக்காமலே பக்கத்தில் இருந்தது. இவர்களைக் கண்டதும் பதறி எழுந்தார்.

“வந்ததும் என்னாச்சுன்னு கேட்டேனுங்க” என்றாள் அங்காளம்மாள். “‘உக்காருங்க’ன்னு சொல்லிப்போட்டாருன்னாரு. அவ்வளவுதானுங்க சொன்னாரு. எனக்கு வேற எதுவும் கேக்க வேண்டியதாப் போகல.”

“தப்பு எம்மேலதானுங்கக்கா” என்றான் கௌசிக்.

“பாருங்க, எனக்கும் ‘ங்க’ போடறீங்க. எனக்குப் பக்குங்குதுங்க.” அவள் குரல் உயரவில்லை, ஆனால் நடுங்கியது. “இத்தன வருசம் வாடா போடான்னீங்க, இந்த ஊட்ல ஒல கொதிச்சுது. இன்னைக்கு வாங்கன்னீங்க, இந்த மனுசன் சோத்துப் போசியத் தொறக்கல. உங்க மருவாதி எங்களுக்கு இப்படித்தானுங்க வந்து சேருது.”

“அங்காளு, சும்மாரு” என்றார் செங்கோடன்.

சின்னண்ணன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பட்டறையில் அவரை எதிர்த்து யாரும் பேசியதில்லை. இதைப் பேச்சென்று எடுத்துக்கொள்வதா, அழுகையென்று எடுத்துக்கொள்வதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் சொன்னது உண்மை என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது.

கௌசிக் கட்டிலில் செங்கோடன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அண்ணா, நீங்க வேலையை உட்டுப் போகோணும்னு நான் சொல்லவே இல்ல. கண்ணைக் காட்டிட்டுத் திரும்ப வரோணும்னுதான் சொன்னேன். உங்களுக்கு மரியாதையாச் சொல்லோணும்னு நெனச்சு அப்படிப் பேசிட்டேன்.”

“அப்ப… அனுப்பலீங்களா சாமி?”

“இல்லண்ணா. நீங்க இல்லாம நான் என்ன பண்ணுவேன்?”

செங்கோடன் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். அங்காளம்மாள் வெளியே போய்க் குடத்துத் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

“ஆனா ஏதோ ஒண்ணு உங்க மனசுல இருக்குது. காத்தால கேட்டப்பவும் நீங்க சொல்லல” என்றான் கௌசிக் தாழ்ந்த குரலில்.

“சொல்லீருங்களேன்” என்றாள் அங்காளம்மாள். “செய்யாததுக்கு எத்தன நாளைக்கு…”

“நீ சும்மாருன்னேன்!” என்று அதட்டிய செங்கோடனின் பார்வை, ஒரு கணம் சின்னண்ணன் மேல் பட்டுத் திரும்பியது. பிரவீனா அதைப் பார்த்துவிட்டாள்.

சின்னண்ணனுக்கு இந்த மௌனங்கள் பொறுக்கவில்லை. “என்னடா முழிச்சுக்கிட்டு நிக்கற? சட்டையப் போட்டுக்கிட்டு வண்டில ஏறுடா” என்றார்.

செங்கோடன் சிரித்தார். காலையிலிருந்து முதல் சிரிப்பு. “இதோ வந்தனுங்க மொதலாளி” என்று சட்டையைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடினார்.

கௌசிக்குக்கு அது சுருக்கென்றது. தான் தேடித்தேடிச் சொன்ன மரியாதை அந்த மனிதரைச் சாப்பிடவிடாமல் செய்தது. அப்பாவின் ஒரு ‘டா’ அவரைச் சிரிக்க வைத்துவிட்டது. அப்படியென்றால் தானும் ‘டா’ போடக் கற்றுக்கொள்வதா? அவனால் முடியாது. ஒருத்தருக்கு மட்டும், ஒரு நாளைக்கு மட்டும் கொடுத்ததால்தானே அந்த ‘ங்க’ பயமுறுத்துகிறது. எல்லாருக்கும் கொடுத்துவிட்டால்? திரும்பும் வழியெல்லாம் அவன் அதையே யோசித்துக்கொண்டு வந்தான்.

பொழுது சாய்கிற நேரத்து டீக்கு மணி அடித்தபோது பட்டறையில் எல்லாரும் இருந்தார்கள். செங்கோடன் காரிலிருந்து இறங்கியதைப் பார்த்து மாரியப்பன் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

கௌசிக் பாடிக்கு வைத்திருந்த பலகைகளை இழுத்துப் போட்டான். “எல்லாரும் வாங்க. உக்காருங்க.”

ஒருவரும் அசையவில்லை. பெயின்டர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அறைக்குள் கூப்பிட்டு ஒருத்தரை அனுப்புவார்கள், தெரியும். இது மொத்தமாக அல்லவா இருக்கிறது.

“ஏனுங்க சின்னவரே” என்றான் மாரியப்பன் மெதுவாக. “பட்டறைய வித்துப்போட்டீங்களா?”

பொன்னாயி டீத் தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டாள். “நான் ஊத்த மாட்டேனுங்க. காத்தால நான் ஊத்தினதுலதான் ஆளு போச்சு. என்ற கையால இன்னொருக்கா வேண்டாமுங்க.”

கௌசிக்குக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. தூக்கை அவளிடமிருந்து வாங்கித் தானே கிளாஸ்களில் ஊற்றினான். “நீங்களும் உக்காருங்க பொன்னாயிக்கா.” அவள் பலகையின் ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

சின்னண்ணன் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதிலேயே இருந்தார். பிரவீனா அவர் பக்கத்தில் நின்றாள். கௌசிக் அவளைப் பார்த்தான். சொல்லுங்க என்பதுபோல் அவள் தலையை அசைத்தாள்.

“இனிமே நான் உங்க எல்லாருக்கும் ‘ங்க’ போட்டுத்தான் பேசப்போறேன். தெனமும். அதுக்கு வேற அர்த்தம் எதுவும் இல்ல” என்று தொடங்கினான். “போன வாரம் கதவு உழுந்துது. யாருன்னு கேட்டேன், யாரும் சொல்லல. எனக்குக் கோபமா இருந்துச்சு. ஆனா நானே அந்தச் சேதிய எங்கப்பாகிட்ட மறைச்சேன். அவரு நெஞ்சு தாங்காதுன்னு நானாவே முடிவு பண்ணிக்கிட்டேன். அப்புறம் உங்களைச் சொல்லுங்கன்னு கேக்க எனக்கு என்ன ரைட்டு இருக்குது?”

“என்ன கதவு?” என்றார் சின்னண்ணன் காருக்குள்ளிருந்து.

“லாரியோட பின்கதவுங்கப்பா. கீல்ல வெல்டிங் உட்டுப்போச்சு. மாரியப்பன் தப்பிச்சது புண்ணியம்.”

“எந்த லாரி?”

“சங்ககிரிக்காரரோட சாம்பல் கலர் வண்டி.”

சின்னண்ணன் காரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிரவீனா கையைக் கொடுத்தாள். அவர் வேண்டாமென்று விலக்கிவிட்டு, மெதுவாக நடந்து பலகைகளுக்கு நடுவில் வந்து நின்றார்.

“மொதலாளி, உடுங்க” என்றார் செங்கோடன் பாதி எழுந்து. “அதெல்லாம் இப்ப எதுக்குங்க?”

“நீ இருடா.” அவர் மகனைப் பார்த்தார். “அந்தக் கீல்ல பத்த வச்சது நாந்தான்.”

மாரியப்பன் டீக் கிளாஸைக் கீழே வைத்தான். சின்னண்ணன் மகனிடமே தொடர்ந்தார்.

“நீயும் பிரவீனாவும் அயோத்தியாப்பட்டணத்துக் கல்யாணத்துக்குப் போயிருந்தீங்களே, அந்த ஞாயித்துக்கெழமை. ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போறேன்னு உங்கம்மாகிட்டச் சொல்லிட்டு இங்க வந்துட்டேன். ஊட்ல சும்மா உக்காந்து உக்காந்து பைத்தியம் புடிக்குது சாமி. இந்தச் செங்கோடன் மட்டும் வேலைல இருந்தான். வேண்டாமுங்கன்னான். நாந்தான் வெல்டிங் ஹோல்டரை அவன் கையிலருந்து புடுங்கினேன். கை நடுங்குச்சு. எனக்கே தெரிஞ்சுது. நல்லா இருக்குதாடான்னு கேட்டேன், நல்லா இருக்குதுங்கன்னான்.”

“மறுநா காத்தால வந்து மறுபடி பத்த வச்சுப்போடலாம்னு இருந்தனுங்க” என்றார் செங்கோடன். “நான் வாரதுக்குள்ள பெயின்டு அடிச்சுட்டாங்க. சொரண்டோணும்னா காரணம் சொல்லோணும். உங்க வேலை சரியில்லைன்னு என்ற வாயால எப்படிங்க சொல்றது?”

கௌசிக் அவரையே பார்த்தான். வேலை போய்விட்டது என்று நம்பி வீட்டுக்குப் போகும்போதும் இந்த மனிதர் கேட்டது ஒன்றுதான், முதலாளி நல்லா இருக்காருங்களா.

ஆனால் சின்னண்ணன் இன்னும் உட்காரவில்லை.

“இன்னொண்ணும் இருக்குது” என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. “இவன் எனக்கு டீ வாங்கப் போனப்போ, பக்கத்துல நின்ன வண்டியோட பின்கதவுக்கும் ஒரு கீல் வச்சேன். அது இவனுக்கும் தெரியாது.”

பக்கத்தில் நின்ற வண்டி அதே சங்ககிரிக்காரருடையது. முந்தாநாள் வியாழக்கிழமைதான் பட்டறையை விட்டுப் போனது. சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு வடக்கே போவதாக டிரைவர் ரங்கன் எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினான். முழு லோடும் அந்தப் பின்கதவில் சாய்ந்திருக்க, பின்னால் வருகிறவர்கள் ஒன்றும் அறியாமலிருக்க, வண்டி எங்கோ ஒரு ரோட்டில் போய்க்கொண்டிருந்தது.

கௌசிக்குக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பித் தொண்டை வரை வந்தது. ஏன் வந்தீங்க, ஏன் தொட்டீங்க, ஏன் சொல்லல என்று கத்தவேண்டும் போல இருந்தது. கதவு விழுந்த அன்றே அப்பாவிடம் சொல்லியிருந்தால் அன்றே இது வெளியே வந்திருக்கும், வண்டி கேட்டைத் தாண்டியிருக்காது. அந்தக் கோபத்தில் பாதி அவன் மேலேயே இருந்தது.

எல்லாரும் அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கெட்ட சேதி சொன்னவரை இவன் இப்போது என்ன செய்யப்போகிறான் என்று பார்த்துத்தான், நாளை தாங்கள் சொல்வதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். அவனுக்கும் அது தெரிந்தது.

மூச்சை இழுத்து விட்டான்.

“உக்காருங்கப்பா.”

சின்னண்ணன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அந்த வார்த்தையை அவர் அந்தப் பட்டறையில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார். யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

“என்னையும் அனுப்பறியா சாமி?”

“இல்லீங்கப்பா. இனிமே இங்க உக்காருங்கன்னா உக்காருங்கன்னுதான் அர்த்தம். இப்பவாவது சொன்னீங்களே, அது போதும். உக்காருங்க, ஆகவேண்டியதப் பாப்போம்.”

செங்கோடன் பலகையில் நகர்ந்து இடம் விட்டார். சின்னண்ணன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒரே பலகையில் உட்கார்ந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை.

“ரங்கன் நம்பர் யாருகிட்ட இருக்குது?”

“என்றகிட்ட இருக்குதுங்க. எங்க காலனிப் பையன்தான்.” செங்கோடன் ஃபோனை எடுத்தார். கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். தூரத் தள்ளிப் பார்த்தார். மறுபடி கிட்டக் கொண்டுவந்தார். பிறகு எல்லார் முன்னாலும் அதைக் கௌசிக்கிடம் நீட்டினார்.

“எழுத்துத் தெரியிலீங்க சாமி. கொஞ்ச நாளாவே தெரியிலீங்க. நீங்களே பாத்துப் போடுங்க.”

கௌசிக் அவர் கையை ஒருதரம் அழுத்திவிட்டு வாங்கிக்கொண்டான். ஸ்பீக்கரில் போட்டான். ஏதோ சாமிப் பாட்டு ஒலித்து, முடிந்து, அடங்கியது. மறுபடி போட்டான். மறுபடியும் அதே பாட்டு. மாரியப்பன் எழுந்து நின்றுவிட்டான். பொன்னாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது தடவை பாட்டு பாதியில் அறுந்தது.

“ரங்கா!” என்றான் கௌசிக். “வண்டிய ஓரங்கட்டுங்க ரங்கா!”

பதில் சொன்னது ரங்கன் குரல் அல்ல. யாரோ ஒரு ஆள் இந்தியில் வேகவேகமாகப் பேசினான். பின்னால் நிறைய ஹாரன் சத்தமும், ஆட்கள் கூச்சலும் கேட்டன.

கௌசிக்குக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. அந்தப் பட்டறையில் அது தெரிந்தவர் ஒரே ஒருத்தர்தான். அவர் பலகையில் உட்கார்ந்தபடி கையை நீட்டினார்.

“இங்க குடு சாமி.”

அந்தப் பக்கம் என்ன சேதி காத்திருக்கிறதோ. அப்பாவின் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே தெரிந்த ஆபரேஷன் தழும்பைக் கௌசிக் பார்த்தான். வேண்டாம் என்று தலையை அசைக்காமல் பிரவீனா மாத்திரைப் பையைத் திறந்து கையில் தயாராக வைத்துக்கொண்டாள்.

அவன் ஃபோனை அப்பாவின் கையில் கொடுத்தான்.